இரும்புக்கு இங்கே என்ன வேலை?

(முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

‘இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுண்டு. குறைகடத்தித் தொழிலில் இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். அங்கே அழையாமல் வந்து காரியத்தைக் கெடுக்கும் ஈ, இரும்புதான். சூரிய மின்கலத்துக்கான சிலிக்கானில் ஐயாயிரம் கோடி சிலிக்கான் அணுக்களுக்கு நடுவே ஒரேயோர் இரும்பணு புகுந்துவிட்டாலும் அதன் தரம் குறைவதை அளந்து காட்ட முடியும். மின்கலத்தின் மேல் பதிக்கும் கண்ணாடியிலும் இரும்பு ஆகாது. சாதாரண ஜன்னல் கண்ணாடியை விளிம்புப் பக்கமாக நோக்கினால் தெரியும் பச்சை நிறம் இரும்பால் வருவது. அந்த நிறம் ஒளியைத் தின்றுவிடும் என்பதால், இரும்பு மிகக் குறைந்த தனிக் கண்ணாடியை மின்கலங்களுக்கென்றே செய்கிறார்கள்.

இப்படி வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட இரும்பை, இன்று ஒளிமின்னணுவியலின் நடுக்கூடத்துக்கே அழைத்து வரலாமா என்று அறிவியலார் ஆராய்கிறார்கள். குளோரின், புரோமின், அயோடின் ஆகிய உப்பீனிகளோடு இரும்பு சேர்ந்து உண்டாகும் ஹாலைடுகளைக் குறைகடத்திகளாகப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் எண்ணம். இந்த முயற்சி தேவையானது என்பதே என் கருத்து. ஆனால் அதைப் பாராட்டுகிற முறையில் ஒரு பெரும் பிழை நடக்கிறது என்பதும் என் கருத்து. இரண்டையும் நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரை.

ஒளியும் மின்னும்

ஒளியை மின்சாரமாகவும் மின்சாரத்தை ஒளியாகவும் மாற்றுகின்ற துறை ஒளிமின்னணுவியல். சூரிய மின்கலம் முதல் வேலையைச் செய்கிறது. நம் விடுதி அறையில் எரியும் எல்.ஈ.டி. விளக்கு இரண்டாம் வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் உயிர்நாடி குறைகடத்தியே.

குறைகடத்தியை இரண்டு தளங்கள் உள்ள ஒரு வீடாக எண்ணிக்கொள்ளலாம். கீழ்த்தளம் எலெக்ட்ரான்களால் நிறைந்தது, மேல்தளம் காலி. இரண்டுக்கும் நடுவே உள்ள உயரம்தான் ஆற்றல் இடைவெளி. அந்த உயரத்துக்குப் போதிய ஆற்றலோடு ஒளித்துகள் வந்தால் எலெக்ட்ரான் மேலே ஏறும். கீழே அது விட்டுச்சென்ற வெற்றிடம் ‘துளை’ எனப்படும். எலெக்ட்ரானும் துளையும் மறுபடி ஒன்றையொன்று சேர்ந்து அழிவதற்குள், அவற்றை எதிரெதிர்த் திசைகளில் வெளியே இழுத்துவிட்டால் மின்னோட்டம் கிடைக்கும். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.1 எலெக்ட்ரான் வோல்ட். ஒற்றைச் சூரிய மின்கலத்துக்கு ஏறத்தாழ 1.1 முதல் 1.5 வரையுள்ள இடைவெளி உகந்தது.

ஈயத்தின் வெற்றியும் ஈயத்தின் குறையும்

இரும்பின் கதைக்கு வருமுன் ஈயத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். குறைகடத்தி உலகுக்கு ஈயம் புதியதன்று. ஜகதீச சந்திர போஸ் 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அலைவாங்கியில் இருந்தது கலீனா என்னும் ஈய சல்பைடுப் படிகமே. ஆனால் ஈயத்தின் உண்மையான பொற்காலம் 2009-ல்தான் தொடங்கியது. ஜப்பானில் மியாசாகாவும் அவருடைய குழுவினரும் ஈய ஹாலைடு பெராவ்ஸ்கைட்டு என்னும் படிகத்தைச் சூரிய மின்கலத்தில் வைத்து 3.8 விழுக்காடு திறன் கண்டார்கள். இன்று இவ்வகை மின்கலத்தின் திறன் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சிலிக்கானோடு அடுக்கிச் செய்த மின்கலம் 34 விழுக்காட்டையும் கடந்துள்ளது. சிலிக்கான் மின்கலம் 1954-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் சுமார் 6 விழுக்காட்டில் தொடங்கி, இந்த உயரத்துக்கு வர எத்தனை பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால் இந்த ஓட்டத்தின் வேகம் புரியும். அதிலும் வியப்பு, இப்பொருளைக் கரைசலாக்கிக் கண்ணாடியில் ஊற்றிச் சுழற்றி, மிதமாகச் சூடாக்கினாலே படலம் ஆகிவிடுகிறது.

குறை என்ன? ஈயம்தான். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரை மைக்ரான் தடிமனுள்ள படலத்தில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று கணக்குப் போட்டால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் முக்கால் கிராம்தான் வருகிறது. ஒரு கார் பேட்டரியில் கிலோக் கணக்கில் ஈயம் இருக்கிறதே, இதற்குப் போய் அஞ்சலாமா என்பார்கள். பேட்டரியின் ஈயம் கனத்த பெட்டிக்குள் இருக்கிறது. பழைய பேட்டரியைத் தேடி வந்து விலை கொடுத்து வாங்குவோரும் உண்டு. பெராவ்ஸ்கைட்டின் ஈயமோ நீரில் கரையும் உப்பாக, கூரையெங்கும் விரிந்து, மழைக்கும் மண்ணுக்கும் நடுவே கிடக்கப் போகிறது. குழந்தைகளின் இரத்தத்தில் ‘இந்த அளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை’ என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2000-ல் நம் நாட்டுப் பெட்ரோலிலிருந்து ஈயத்தை வெளியேற்றினோம். முன்வாசல் வழியே அனுப்பியதைக் கூரை வழியே திரும்ப அழைக்க வேண்டுமா என்று கேட்பது நியாயமே.

ஈயத்துக்கு மாற்று தேடியவர்கள் முதலில் வெள்ளீயத்தை நாடினார்கள். அது காற்றுப்பட்டால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடுகிறது. பிறகு பிஸ்மத்தும் வெள்ளியும் சேர்ந்த இரட்டைப் பெராவ்ஸ்கைட்டு 2016-ல் வந்தது. அது நஞ்சற்றது, உறுதியானது. ஆனால் ஆற்றல் இடைவெளி 2 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியதால் செந்நிற ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இந்த இடத்தில்தான் இரும்பின் பெயர் அடிபடத் தொடங்கியது.

நாம் அறிந்த பொருள்தான்

இரும்பு ஹாலைடுகள் எங்கோ அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் மட்டும் உள்ள அரும்பொருள்கள் அல்ல. பீனாலைக் கண்டறிய நம் வேதியியல் மாணவர்கள் சொட்டுச் சொட்டாக விட்டு ஊதா நிறம் காண்கிறார்களே, அந்த ஃபெர்ரிக் குளோரைடு அவற்றுள் ஒன்று. மின்னணுத் துறையிலும் அது பழைய ஊழியன்தான். மின்சுற்றுப் பலகையில் வேண்டாத செம்பை அரித்தெடுக்கும் திரவம் அதுவே. இத்தனை காலம் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவனைக் கூடத்தில் உட்கார வைக்கலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

மலிவைப் பொறுத்தவரை இரும்புக்கு நிகர் இல்லை. புவியோட்டின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இரும்பு. ஈயமோ ஒரு டன்னுக்குச் சுமார் 14 கிராம். தொடுதிரைகளில் பயன்படும் இண்டியம் ஒரு டன்னுக்குக் கால் கிராமுக்கும் மேல் இல்லை.

ஆனால் ஈயம் அமர்ந்த நாற்காலியில் இரும்பை அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. ஈய அயனியின் ஆரம் சுமார் 1.2 ஆங்ஸ்ட்ராம்; ஃபெர்ரஸ் அயனிக்கு 0.8-க்கும் சற்றுக் குறைவு. பெரிய அயோடின் அயனிகள் ஆறு சூழ்ந்து நிற்பதற்கு இரும்பு போதாது. சீசியத்தோடும் குளோரினோடும் ஃபெர்ரஸ் இரும்பைச் சேர்த்தாலும், நாற்புறமும் மேலும் கீழும் பின்னிப் பிணைந்த பெராவ்ஸ்கைட்டுக் கட்டு கிடைப்பதில்லை. தனித்தனிச் சங்கிலிகளாக நிற்கும் அறுகோணப் படிகமே கிடைக்கிறது.

ஃபெர்ரிக் நிலையில் வேறு சங்கடம். ஹாலைடுகளில் பொதுவாகக் குளோரைடிலிருந்து புரோமைடுக்கும் அங்கிருந்து அயோடைடுக்கும் போகப்போக ஆற்றல் இடைவெளி குறையும். ஆகவே சூரிய ஒளிக்கு அயோடைடே நல்லது. ஆனால் ஃபெர்ரிக் அயனி அயோடைடைக் கண்டால் அதை ஆக்சிஜனேற்றி அயோடினாக விடுவித்துவிடும். ஸ்டார்ச்சு விட்டு நீலம் பார்க்கும் பருமனறி பகுப்பாய்வில் நாம் நாள்தோறும் காணும் வினைதான் இது. ஏணியின் மிக வேண்டிய படி இங்கே இல்லை என்று பொருள்.

எனவே வழி மாற்றப்பட்டது. பிஸ்மத்தின் இடத்தில் ஃபெர்ரிக் இரும்பு அமர்ந்த இரட்டைப் பெராவ்ஸ்கைட்டுகள் உருவாயின. சீசியம், சோடியம், இரும்பு, குளோரின் நான்கும் சேர்ந்த ஒன்று ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி உடையது. சோடியத்துக்குப் பதில் வெள்ளி சேர்ந்தால் இடைவெளி இன்னும் குறைந்து, சூரிய மின்கலத்துக்கு உகந்த எல்லையை நெருங்குகிறது. ஆனால் வெள்ளியும் சீசியமும் சேர்ந்த பின் ‘இரும்பு மலிவு, ஆகவே இப்பொருளும் மலிவு’ என்று சொல்லலாகாது. குழம்பில் உப்பு மலிவு என்பதற்காகக் குழம்பே மலிவாகிவிடுமா?

பொருத்தம் பார்த்தால் போதுமா?

இனி நான் சொல்ல வந்த முதன்மையான கருத்துக்கு வருகிறேன். நம் திட்டக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் புரட்டிப் பாருங்கள். ஒரு பொருளைத் தயாரிப்பார்கள். அது எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பார்கள். வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்து ஆற்றல் இடைவெளியைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு கடைசி வரி தவறாமல் வரும்: ‘ஆகவே இப்பொருள் ஒளிமின்னணுக் கருவிகளுக்கு மிகவும் ஏற்றது.’

ஆற்றல் இடைவெளி என்பது சாதகப் பொருத்தம் மாதிரி. பத்துப் பொருத்தமும் இருக்கலாம். குடித்தனம் நடக்குமா என்பது வேறு விஷயம். குறைகடத்தியில் குடித்தனம் என்பது, ஒளியால் பிறந்த எலெக்ட்ரானும் துளையும் எத்தனை நேரம் உயிரோடு இருக்கின்றன, அந்த நேரத்தில் எத்தனை தூரம் போகின்றன என்பதே. நல்ல சிலிக்கானில் அவை மில்லி விநாடிக் கணக்கில் வாழும். ஈயப் பெராவ்ஸ்கைட்டில் மைக்ரோ விநாடி அளவில் வாழ்ந்து, ஒரு மைக்ரான் அளவுக்கு நடந்துவிடும். படலத்தின் தடிமனே அரை மைக்ரான்தான் என்பதால் அது தாராளமாகப் போதும்.

இரும்பின் நலிவு இந்த இடத்தில்தான். ஈயத்தின் வெளிக்கூட்டு எலெக்ட்ரான் மட்டங்கள் அகலமானவை. பக்கத்து அயோடின் மட்டங்களோடு நன்கு கலந்து நெடுஞ்சாலை போல ஆகிவிடுகின்றன. படிகத்தில் சில அணுக்கள் இடம் தவறினாலும் போக்குவரத்து நிற்பதில்லை. இரும்பின் டி-வகை மட்டங்களோ குறுகியவை. ஒளி பட்டதும் குளோரினிடமிருந்து இரும்புக்கு எலெக்ட்ரான் தாவுகிறது. தாவிய எலெக்ட்ரான் அந்த இரும்பணுவோடு ஒட்டிக்கொண்டு, வரப்பில் நடப்பவனைப் போலத் தடுமாறித்தான் நகர்கிறது. போதாக்குறைக்கு, இரும்பில் தாழ்வான ஆற்றல் மட்டங்கள் பல உண்டு. ஏறிய எலெக்ட்ரான் அவற்றின் வழியே படிப்படியாக இறங்கி, பெற்ற ஆற்றலை வெப்பமாக வீணடித்துவிடுகிறது. சிலிக்கானில் இரும்பைப் பகையாக்கிய குணமும் இதற்கு உறவுதான்: எலெக்ட்ரான் வழியில் விழும் குழியாக நிற்பது.

இன்னொன்றும் உண்டு. இரும்பு உப்புக்கள் ஒளிக்கு மின்னோட்டத்தால் மட்டும் விடை சொல்வதில்லை, வேதிமாற்றத்தாலும் சொல்லும். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்ட நீல அச்சுமுறை, ஒளியால் ஃபெர்ரிக் இரும்பு ஃபெர்ரஸாக ஒடுங்குவதைக் கொண்டே அமைந்தது. பொறியாளர்களின் வரைபடங்கள் நெடுங்காலம் அப்படித்தான் படியெடுக்கப்பட்டன. அச்சுக்கு வரமாக இருந்த அதே குணம், இருபது ஆண்டு வெயிலில் கிடக்க வேண்டிய கருவிக்குச் சாபமாகலாம்.

பைரைட்டு சொல்லும் பாடம்

இது வெறும் அச்சம் அன்று. முன்பே நடந்த கதை. இரும்பு சல்பைடாகிய பைரைட்டு, பொன்போல் மின்னி ஏமாற்றும் கனிமம். அதன் இடைவெளி 0.95 எலெக்ட்ரான் வோல்ட். ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனிலேயே ஒளியை உறிஞ்சிவிடும். மலிவோ சொல்ல வேண்டியதில்லை. 1980-களில் பெர்லினில் அதைக் கொண்டு சூரிய மின்கலங்கள் செய்து முயன்றார்கள். கிடைத்த திறன் 2.8 விழுக்காட்டோடு நின்றது, மின்னழுத்தம் 0.2 வோல்ட்டைத் தாண்டவில்லை. அந்த இடைவெளிக்கு எதிர்பார்க்கத்தக்கதில் பாதிகூட இல்லை. 2009-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வொன்று, கிடைக்கும் அளவையும் விலையையும் கணக்கிட்டு, மின்கலப் பொருள்களுள் பைரைட்டையே முன்னணியில் வைத்தது. கணக்கு சரிதான், ஆனால் மின்னழுத்தம் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. பொருத்தம் எல்லாம் இருந்தும் குடித்தனம் நடக்காத வீடு அது.

அதற்காக நம்பிக்கையை விட்டுவிட வேண்டுமா? கூடாது. ஸ்வீடனில் உள்ள லுண்டு பல்கலைக்கழகத்தாரின் உழைப்பைப் பாருங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஹாலைடு அன்று. கரிமச் சேர்மங்கள் சூழ்ந்த இரும்பு அணைவுச் சேர்மம். பழைய வகை இரும்பு அணைவுகளில் ஒளியேற்ற நிலை 0.1 பிக்கோ விநாடிக்குள் குலைந்துவிடும். இரும்பைச் சூழும் கூட்டத்தை மாற்றி மாற்றி அமைத்து, 2017-ல் அதை 100 பிக்கோ விநாடியாக்கி, அறை வெப்பநிலையில் இரும்பையே ஒளிரச் செய்தார்கள். 2019-ல் அது 2 நானோ விநாடியாக உயர்ந்தது. இருபதாயிரம் மடங்கு! இரும்பின் தலையெழுத்து அழியாத எழுத்து அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அவர்கள் துரத்தியது வாழ்நாளை, இடைவெளியை அல்ல. இது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இரும்புக்கே உரிய வேலை

என்னைக் கேட்டால், ஈயத்தின் நாற்காலிக்கு இரும்பைப் போட்டியிட வைப்பதே முறையன்று. ஈயத்தால் செய்ய முடியாததை இரும்பு செய்யும். அந்த வேலையைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். இரும்புக்குக் காந்தம் பிறவிக் குணம். ஃபெர்ரஸ் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றும் ஏடு ஏடாகப் பிரியக்கூடிய அடுக்குப் படிகங்கள். முறையே சுமார் 24, 14, 9 கெல்வினுக்குக் கீழே அவற்றின் அணுக்காந்தங்கள் ஒழுங்காக அணிவகுக்கின்றன. அமீன்களோடு சேர்ந்த அடுக்கு இரும்புக் குளோரைடுகளின் காந்தத்தை 1970-களிலேயே ஆராய்ந்தார்கள். 2020-ல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார், பிஸ்மத்துப் பெராவ்ஸ்கைட்டில் இரும்பைக் கலந்து, மிகக் குறைந்த வெப்பநிலையில் அதற்குக் காந்த இயல்பு வருவதைக் காட்டினார்கள். ஒளியும் காந்தமும் ஒரே படிகத்தில் பேசிக்கொள்ளுமானால் ஒளியால் காந்தத்தையும் காந்தத்தால் ஒளியையும் ஆளலாம். இன்று அது கடுங்குளிரில் மட்டும் தெரிகிறது. அறை வெப்பநிலைக்குக் கொண்டுவருவதுதான் அறைகூவல்.

இன்னொரு வேலை வெப்பநிறமாற்றம். முன்னே சொன்ன சீசியம்-சோடியம்-இரும்புக் குளோரைடு குளிரில் வெளிறியும் வெப்பத்தில் அடர்ந்தும் நிறம் மாறி, ஆறியதும் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. வெயில் ஏறினால் தானே கறுக்கும் ஜன்னலுக்கும், சூட்டை நிறத்தால் காட்டும் குறியீட்டுக்கும் எலெக்ட்ரான் நெடுந்தூரம் ஓட வேண்டியதில்லை. இரும்பின் குறை அங்கே குறையே அன்று.

நம் ஆய்வுக்கூடத்தில்

‘இதெல்லாம் ஸ்வீடனுக்கும் ஜப்பானுக்கும் சரி, அரசு கலைக் கல்லூரியில் நடக்கிற காரியமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்தபோது, படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்பும் அளவைக் கொண்டு, இரும்புக் குழு உப்புக்களின் உள்ளமைப்பை அறிந்தார். கருவி எளியது, கேட்ட கேள்வி கூரியது. நமக்கு வேண்டியதும் அந்தக் கூர்மையே.

நம்மால் இயன்றதைச் சொல்கிறேன். ஃபெர்ரிக் குளோரைடு அலமாரியில் இருக்கிறது. பழைய கணிப்பொறி விசிறியைக் கொண்டே படலம் சுழற்றும் கருவி செய்யலாம். உறிஞ்சலை அளந்த பிறகு அங்கேயே நின்றுவிடாமல், படலத்தின் இருமுனையிலும் மின்வாய் வைத்து, எல்.ஈ.டி. ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சி, மின்னோட்டம் எவ்வளவு விரைவில் எழுந்து விழுகிறது என்று பார்க்கலாம். இந்த உப்புக்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. சாப்பாட்டு உப்பின் தெவிட்டிய கரைசல் தன்மேல் உள்ள மூடிய காற்றில் 75 விழுக்காடு ஈரப்பதத்தை நிலையாக வைத்திருக்கும். அந்தச் சாடிக்குள் படலத்தை வைத்து, நாள்தோறும் எடை போட்டு, நிறத்தையும் மின்னோட்டத்தையும் குறித்து வந்தால், எத்தனை நாள் தாங்கும் என்ற விடை கிடைக்கும். மூன்றே நாளில் வீணானால் ‘மூன்று நாளில் வீணாயிற்று’ என்று எழுதுவோம். அதுவும் அறிவே. ‘மிகவும் ஏற்றது’ என்ற வெற்று வரியைவிட அடுத்து வருகிற மாணவனுக்கு அது ஆயிரம் மடங்கு பயன்படும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒளிமின்னோட்டத்தையோ வாழ்நாளையோ நிலைப்பையோ அளக்காத திட்டக் கட்டுரையில் ‘ஒளிமின்னணுக் கருவிகளுக்கு ஏற்றது’ என்ற வரி இருந்தால், அதைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். எங்களுக்கு முதலில் வருத்தமாக இருக்கும். அடுத்த ஆண்டே ஆய்வுக்கூடத்தில் விளக்கு இன்னும் சற்று நேரம் எரியும்.

இரும்புக்கு இங்கே வேலை இருக்கிறது. அது ஈயத்தின் வேலையா, வேறு வேலையா என்பதை ஆற்றல் இடைவெளி என்ற ஓர் எண் சொல்லாது. பொறுமையாக அளக்கும் கைகளே சொல்லும். அந்தக் கைகள் நம் கல்லூரிக் கைகளாகவும் இருக்கட்டும்.